துரை காரில் வந்த கணக்கப்பிள்ளை

என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் மனிதர்கள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அதுவும் என் முகத்தைப் பார்த்து அல்ல. நான் உட்கார்ந்து வந்த இடத்தைப் பார்த்து.

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் கொட்டகலையில் அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். மழை. தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் போய்விட்டது. பெட்டியைத் தலையில் வைத்து நடப்பதா, பெட்டிக்கு மேல் நான் உட்கார்ந்து அழுவதா என்று யோசித்துக்கொண்டு நிற்கையில், ரயிலில் வந்த பார்சல் எதையோ எடுக்க அந்தத் தோட்டத்துத் துரையே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் பெட்டியையும் காக்கிக் கோட்டையும் பார்த்துவிட்டு, துரைமார் பேசுகிற அந்தத் தமிழில் கேட்டார்.

“நீ புது கணக்கப்பில்லே?”

“ஆமாங்க தொரை.”

“ஏறு.”

நான் பணிவாக முன் கதவைத் திறந்தேன். உள்ளே கன்றுக்குட்டி அளவு ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அது என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்த இடம் யாருடையது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. “பின்னாலே போ” என்றார் துரை. போனேன்.

தோட்டத்து எல்லைக்குள் கார் நுழையும்போது வேலை விட்டு சனங்கள் கூடையோடு தங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைக் கண்டதும் ஒதுங்கி நின்றார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துச் சலாம் வைத்தார்கள். கண்ணாடியெல்லாம் மழையில் புகை பிடித்த மாதிரி இருந்தது. நாய் ஸீட்டில் சுருண்டு படுத்துவிட்டதால் வெளியில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: துரை டிரைவர் மாதிரி கார் ஓட்டுகிறார், பின்னால் ஒரு கறுத்த மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நானாவது சும்மா இருந்திருக்கலாம். மரியாதை தெரிந்தவன் அல்லவா? சலாம் வைத்தவர்களுக்கெல்லாம் நானும் திருப்பி ஒரு சலாம் வைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்குப் போனேன். ஆட்களை மலைமலையாகப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடம் அது. எங்கேயும் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும். நான் களத்தில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. அப்படி ஓர் அமைதியைக் கோயிலில்கூட நான் கேட்டதில்லை.

கண்டாக்கையா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். வெளிவேலைகளுக்கெல்லாம் பெரியவர் அவர்தான். மீசையைத் தடவாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

“மூணு மாசம் பாப்பாரு தொரை. ஒங்க மலையில கொழுந்து நெறையா வந்துச்சுன்னா, வேலையும் நெரந்தரம், வீடும் குடுப்போம், குடும்பத்தக் கூட்டியாந்துக்கலாம். வரலேன்னா வந்த மாதிரியே போயிறலாம்.”

“சரிங்கையா.”

“இந்த எடத்துக்கு எங்க அக்கா மகன் ஒருத்தன் கேட்டிருந்தான். ம். அது பரவாயில்ல. தொரையே கார்ல வச்சுக் கூட்டியாந்த ஆளாச்சே நீங்க.”

அக்கா மகன். அந்த இரண்டு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இயற்கையிலேயே ஒரு குணம் உண்டு. யாராவது தும்மினால்கூட, என்னைப் பார்த்து ஏன் தும்மினான் என்று யோசிப்பேன். ஆக, வேலைக்குச் சேர்ந்த அன்று காலைத் தேத்தண்ணிக்கு முன்பே எனக்கு எதிரி யார் என்று தெரிந்துவிட்டது.

மூன்று மாதம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மனைவியின் அண்ணன் நல்ல மனிதர். அண்ணியும் நல்லவர்தான். ஆனால் அண்ணி பானை கழுவுகிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போவதாக மனைவி சொல்லியனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தின் அர்த்தம் உறவுக்காரர் வீட்டில் குடும்பத்தோடு தங்கியவர்களுக்குப் புரியும்.

எனக்குக் கொடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மேல் ஒரு கங்காணி. பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற மனிதர். அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கென்று அவருடைய மனைவி இருந்தாள். வரிசை வரிசையாக நெரை பிடித்தால் முதல் நெரை அவளுடையது. அவள் கை வேகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கை போகும். அந்த அம்மாள் சிரித்தால் மலையே சிரிக்கும் என்று பிறகு தெரிந்தது. அப்போது சிரிக்கவில்லை.

நான் பழைய தோட்டத்தில் வேடிக்கைப் பேச்சுக்குப் பெயர் போன பகிடிக்காரன். பேச்சுக் கொடுத்தே ஆட்களைச் சேர்த்துக்கொள்வேன். இங்கேயும் அதே கடையை விரித்தேன். ஒரு பகிடி சொன்னேன். எல்லாரும் கையை நிறுத்திவிட்டு, துரை உத்தரவைக் கேட்கிற மாதிரி தலை குனிந்து கேட்டார்கள். சொல்லி முடித்ததும் கங்காணி, “சரிங்கையா, அப்புடியே செஞ்சிருவோம்” என்றார்.

பகிடி எடுபடாத இடத்தில் சொந்தம் கொண்டாடுவது என் அடுத்த வித்தை. நம் சனங்கள் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறதே, அதைக் கங்காணி மனைவியிடம் கேட்டேன்.

“ஊர்ல நீங்கள்லாம் எந்தப் பக்கம்? திருச்சிப் பக்கமா, மதுரைப் பக்கமா?”

அவள் கொழுந்தைக் கூடைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எங்களுக்கு ஊரே இல்லீங்க.”

“என்னம்மா, பாட்டன் பூட்டன் எங்கேயிருந்தாவது வந்திருப்பாங்கல்ல?”

“தெரியாதுங்க. இந்த மலையிலதான் மொளைச்சோம்.”

அடுத்த நெரையில் கேட்டேன். அவளுக்கும் ஊர் இல்லை. அதற்கடுத்தவளுக்கும் இல்லை. நல்ல துறையூர்ப் பேச்சு பேசுகிறவர்கள், துறையூர் என்ற பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிற மாதிரி விழித்தார்கள்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு எல்லாரும் விசாரணைக்குக் காத்திருந்த காலம் அது. இந்த நாட்டையே சொந்த வீடாகக் கொண்டவர் என்று மனுப் போட்டவர் காட்ட வேண்டும். இந்தியாவில் காணி இருக்கிறது, போக்குவரத்து இருக்கிறது என்று ஒரு நூல் கிடைத்தாலும் மனு போய்விடும் என்று லயத்துக்கு லயம் பேச்சு. ‘ஊர்’ என்று வாயெடுத்தாலே கதவைச் சாத்துகிற காலம். இது எனக்கும் தெரியும். நானே மனுப் போட்டவன்தான். ஆனால் பழைய தோட்டத்தில் நான் அதைக் கேட்டால் சளி எப்படி இருக்கிறது என்று கேட்பது போல எடுத்துக்கொள்வார்கள். இங்கே நான், துரையே கார் ஓட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஆள். வந்து இறங்கிய மறுநாளே ஒவ்வொரு நெரையாகப் போய் எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்கிற ஆள்.

அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று இப்போது எழுதும்போது குழந்தைக்குக்கூடப் புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் வேறு: கண்டாக்கையா ஆட்களைத் தூண்டிவிட்டிருக்கிறார், அக்கா மகனுக்காக.

பிறகு பூசணிக்காய் வந்தது. கண்டாக்கையா தற்காலிகமாகக் கொடுத்திருந்த ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் காலையில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் வாசலில் பூசணிக்காய் இருந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? சாம்பார் தோன்றினால் நீங்கள் நல்லவர். எனக்குச் செய்வினை தோன்றியது. கையால் தொடாமல், கம்பால் உருட்டி உருட்டிப் பள்ளத்தில் தள்ளினேன். அது உடைந்த சத்தம் கேட்டதும் மூன்று தடவை துப்பினேன். அடுத்து முட்டை வந்தது. பிறகு ஒரு சேவலைக் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்து ஓட்டிவிட்டேன். அது நேராகக் கங்காணி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மலையில் எனக்கு மட்டும் தேத்தண்ணி கண்ணாடிக் கிளாஸில், தட்டோடு வரும். மற்றவர்கள் போத்தலிலும் தகரக் குவளையிலும் குடிப்பார்கள். நான் கிளாஸை வாங்கி, அவர்கள் பார்க்காத நேரத்தில் தேயிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். தேயிலைக்கே தேத்தண்ணி கொடுத்த ஒரே கணக்கப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். காய் எடுக்கவில்லை, கோழி எடுக்கவில்லை, தேத்தண்ணிகூடத் தொடுவதில்லை. அப்படியானால் இவன் நிச்சயமாக மேலிடத்து ஆள்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். லஞ்சத்துக்குப் பயந்து நான் விலகவில்லை, உயிருக்குப் பயந்துதான் விலகினேன் என்று யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் போகட்டும். என் வேலைக்கே உலை வைத்தது இன்னொன்று. அவர்கள் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கினார்கள்.

கொழுந்து எடுப்பதில் இரண்டு இலை ஒரு மொட்டு என்பது சட்டம். சட்டம் சட்டமாக இருக்கும், கை கையாக இருக்கும். கொஞ்சம் முத்தின இலையும் சேர்ந்துதான் கூடை நிறையும். எல்லாத் தோட்டத்திலும் கணக்கப்பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மேலிடத்து ஆள் பக்கத்தில் நிற்கும்போது யார் அப்படிச் செய்வார்கள்? நகை செய்கிற தட்டான் மாதிரி ஒவ்வொரு கொழுந்தையும் பார்த்துப் பார்த்து, அளந்து அளந்து கிள்ளினார்கள். கூடையில் இருந்ததெல்லாம் பூ மாதிரி கொழுந்து. தராசில் போட்டால் முள் அசையவே கூச்சப்பட்டது.

கண்டாக்கையா மீசையைத் தடவினார்.

“பக்கத்து மலையில கூடை தூக்க முடியாம தூக்கிட்டு வர்றாங்க. ஒங்க ஆளுக பூப்பறிக்கப் போன மாதிரி வர்றாங்களே, என்னா சங்கதி?”

“கொழுந்து ரொம்ப சுத்தமா இருக்குங்கையா.”

“சுத்தத்தத் தராசுல போட முடியுமா?”

பயந்துபோய் மறுநாள் கங்காணி மனைவியிடம் நயமாகச் சொன்னேன்.

“கொஞ்சம் வெரசா எடுங்கம்மா. நாலு எலை முத்துனதா இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

அவள் இரண்டு கையையும் உயர்த்தி எனக்குக் கும்பிடு போட்டாள்.

“அய்யய்யோ, அந்தப் பழக்கமெல்லாம் எங்களுக்குக் கெடையாதுங்க. எங்க பரம்பரையிலயே முத்துன எலையைத் தொட்டதில்ல.”

பரம்பரையே தெரியாது என்று முன்பு சொன்னவள். நான் அவர்களை மாட்டிவிடப் பொறி வைக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்குக் கூடை இன்னும் இளைத்தது.

ஒருநாள் மதியம் மூடுபனி இறங்கி, அடுத்த நெரை தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

“இந்த ஆளு போற வரைக்கும் வாயத் தொறக்காதீங்கடி. எப்புடியும் போயிருவாரு.”

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நான் போவேன் என்பது ஊருக்கே முடிவான சங்கதி. எனக்குத்தான் சொல்லவில்லை. கொட்டகலையில் பானை கழுவுகிற சத்தம் அந்தப் பனியைத் தாண்டி என் காதில் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது, நுவரெலியாவில் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு. இதைக் கண்டாக்கையாவிடம் சொல்ல எனக்கு மனமில்லை. பிரஜாவுரிமையே நிச்சயமில்லாத ஆளை எதற்கு நிரந்தரமாக்க வேண்டும், அக்கா மகனுக்குத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று துரையிடம் போய் ஓதிவிடுவார் என்பது என் கணக்கு. அதனால் பல் வலி என்றேன். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று, தாடையைச் சுற்றி ஒரு துண்டையும் கட்டிக்கொண்டு, கன்னத்துக்குள் பாக்கை அடக்கிக்கொண்டு விடியுமுன்பே பஸ்ஸுக்குப் போனேன்.

அட்டனில் நுவரெலியா பஸ்ஸில் ஏறினால், உள்ளே கங்காணியும் மனைவியும்! கூட எங்கள் லயத்து ஆட்கள் சிலர். திருவிழாவுக்குப் போகிற மாதிரி வெளுத்த துணி, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவர்களுக்கும் அதே நாளில் விசாரணை. என்னைக் கண்டதும் அவர்கள் முகம் செத்துப்போனது. எனக்கும் அப்படித்தான் போயிருக்கும். நல்ல வேளை, பாதி முகத்தைத் துண்டு மறைத்திருந்தது. கண்டாக்கையா என் பின்னால் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர்களைக் காட்டிக்கொடுக்க மாறுவேஷத்தில் வருகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். தலவாக்கலை வந்தது, நானுஓயா வந்தது. வளைவுகளில் பஸ் சாயும்போது எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்தோம், அதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை.

கந்தோர் விறாந்தையில் நீள வாங்கு போட்டிருந்தது. அவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போய் அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. நான் வாங்கின் நுனியில் ஒட்டிக்கொண்டதும் கங்காணி பாக்கு மெல்வதை நிறுத்தினார். முதலில் கூப்பிட்டது என் பெயரைத்தான்.

உள்ளே ஒரு சிங்கள அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கதவு திறந்தே இருந்தது. விறாந்தைக்கு எல்லாம் கேட்கும்.

“வாயில என்ன கட்டு?”

“பல் வலிங்க.”

“கதைக்க ஏலுமோ?”

ஏலும் என்று தலையாட்டினேன். பிறந்தது எங்கே, படித்தது எங்கே, வேலை பார்த்தது எங்கே என்று கேட்டார்கள். எல்லாம் இந்த மலைதான். வாய் திறந்தால் மூடாதவன் நான். அங்கே ஒவ்வொரு வார்த்தையையும் அண்ணாக்கிலிருந்து பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. பாக்கை வேறு விழுங்கித் தொலைத்துவிட்டேன். கண்ணீர் வந்தது. அதிகாரி அதையும் குறித்துக்கொண்டாரோ என்னவோ.

“சரி. இந்தியாவில உமக்கு ஊர் எது?”

நெரை நெரையாகப் போய் எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி! அது திரும்பி என் முகத்துக்கு நேரே வந்து நின்றபோதுதான் அதற்கு எவ்வளவு பெரிய பல் இருக்கிறது என்று தெரிந்தது.

“எங்களுக்கு ஊரே இல்லீங்க” என்றேன்.

விறாந்தையில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி தொடங்கி வேறு மாதிரி முடிந்தது அது.

அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிறவர் சொன்னார்: “நீர் பழைய தோட்டத்து விலாசத்தில எல்லோ மனுப் போட்டிருக்கிறீர். இப்ப இருக்கிறன் எண்டு சொல்லுற தோட்டத்தில உம்மைத் தெரிஞ்ச ஆராவது இஞ்ச வந்திருக்கினமோ?”

திரும்பிப் பார்த்தேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிறார்கள் என்று சொன்னால், ஆள் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவார்களோ? இல்லை என்று சொன்னால் மனு கதி என்ன? வேர்வை துண்டில் ஊறி இறங்கியது.

அப்போது கங்காணி மனைவி எழுந்து வாசல்படிக்கு வந்தாள். கங்காணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்ங்க இவர.”

“என்ன தெரியும்?”

“எங்க மலைக் கணக்கப்புள்ளை. எங்க தோட்டத்துலதான் கெடக்காரு. எங்கேயும் போகமாட்டாருங்க. போகட்டும்னு நாங்களும் எவ்வளவோ பாத்துட்டோம்.”

மொழிபெயர்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆங்கிலத்தில், இவர் அங்கே நிலையாகக் குடியிருக்கிறார் என்று இந்தப் பெண் உறுதி சொல்கிறாள் என்றார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். அதிகாரி எழுதினார். போகலாம் என்று கை காட்டினார்.

அவர்கள் எல்லாருக்கும் முடியும்வரை நானும் அதே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. தனியாகப் பஸ் ஏறப் பயமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் முன் ஸீட்டில் உட்கார்ந்து முழுசாகப் பின்னால் திரும்பிக்கொண்டாள்.

“ஏங்கையா, நெசமாவே நீங்க அவுங்க ஆளு இல்லையா?”

“எவுங்க ஆளும்மா?”

“விசாரிக்க வந்த ஆளுன்னு நெனச்சோம். இல்லேன்னா தொரை எதுக்குக் கார்ல வச்சு ஓட்டியாரணும்? அதுவும் பின்னால ஒக்கார வச்சு?”

“முன் ஸீட்டுல நாய் இருந்துச்சும்மா.”

“நாயா?”

“அது எடம் தரல.”

முதலில் கங்காணிதான் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு அவள். பிறகு பஸ்ஸே. மரக்கறிக் கூடையோடு இருந்த சிங்களக் கிழவி ஒருத்தி என்ன சங்கதி என்று கேட்க, யாரோ சிங்களத்தில் விளக்க, அவளும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

“அப்ப எங்க பூசணிக்காய ஏன் பள்ளத்துல தள்ளுனீங்க?” என்று கேட்டார் கங்காணி. அவராக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

“செய்வினைன்னு நெனச்சுட்டேன்.”

“அட, போங்கையா! கோயிலுக்கு நேர்ந்து வச்சிருந்த சேவலையில்ல தூக்கி ஒங்களுக்குக் குடுத்தோம்!” என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?” என்றாள்.

நான் வாயெடுத்தேன். இரண்டு ஸீட்டுக்கு முன்னால், குடையோடு தொப்பி போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ பார்க்கிற மாதிரி இருந்தார், ஆனால் காது எங்கள் பக்கம் இருந்தது. அவளும் பார்த்தாள். தலவாக்கலையில் அவர் இறங்கி, பஸ் புறப்பட்டு, ஒரு வளைவு தாண்டிய பிறகுதான் சொன்னேன்.

“முசிறிப் பக்கம்.”

“நாங்க அதுக்கு இந்தப் பக்கம்” என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே.

அடுத்த நாளிலிருந்து மலையில் வாய் ஓயவில்லை. கையும் ஓயவில்லை. “ஐயா, நாய் வருது, எடம் விடுங்க” என்று நெரைக்கு நெரை ஒரு பகிடி. என் பகிடிகளுக்கு இப்போது சிரித்தார்களா என்றால், இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் கூடை நிறைவதற்கு இரண்டும் ஒன்றுதான். நானும் என் ஒரு கண்ணை மூடிக்கொண்டேன். கூடைகள் தடித்தன.

கண்டாக்கையாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் இளைத்துக் கிடந்த மலை எப்படித் திடீரென்று கொழுத்தது? ஒருநாள் தராசடிக்கு வந்தவர், சாக்குக்குள் முழங்கை வரை விட்டுக் கிளறினார். தண்ணீர் தெளித்திருக்கிறோமா என்று கொழுந்தைப் பிழிந்து பார்த்தார். அடியில் கல் இருக்கிறதா என்று சாக்கை உதறினார். தராசைத் தட்டிப் பார்த்தார். மறுநாள் காலையிலிருந்து குடையோடு மலையிலேயே நின்றார். பெண்கள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் துரை காரில் வந்தவர் அல்லவே. வேலை முடிய என்னைக் கூப்பிட்டார்.

“என்னா செஞ்சீங்க இவளுகள?”

“ஒண்ணும் செய்யலீங்கையா. பல் வலி போயிருச்சு.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் சொன்னார்: “தொரைக்கிட்ட சொல்லிட்டேன். மேட்டு வீடு காலியா இருக்கு, எடுத்துக்குங்க. குடும்பத்தக் கூட்டியாங்க.”

“அக்கா மகனுக்கு...” என்று இழுத்தேன்.

“அவனா? அவன் நீங்க வர்றதுக்கு முந்தியே நுவரெலியாவுல ஒரு ஓட்டல்ல சேந்துட்டானே. மலையேற முடியாதாம் அந்தத் தொரைக்கு.”

இத்தனை மாதம் என் தூக்கத்தைக் கெடுத்த மனிதன் எங்கேயோ கம்பளம் விரித்த அறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான்.

வேலை நிரந்தரம், வீடு கிடைத்துவிட்டது என்று கொட்டகலைக்குச் சொல்லியனுப்பினேன். மனைவி அதை நம்பவில்லை. நம்பும்படியாக நான் வாழ்ந்து வைக்கவில்லை; கல்யாணமான புதிதில் பழைய தோட்டத்துத் துரை எனக்குக் குதிரை கொடுத்திருக்கிறார் என்று சொல்லி அவளை ரோட்டில் காத்திருக்க வைத்தவன் நான். அதனால் எனக்குத் தெரியாமல் அண்ணனை விசாரித்துவர அனுப்பியிருக்கிறாள். அவர் பாவம், நல்ல கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, லயத்தடியில் நின்று என் பெயரைச் சொல்லி, இந்த ஆள் இங்கே இருக்கிறாரா, எப்போது வந்தார், நிரந்தரமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்று சாயந்திரம் கங்காணி மனைவி பெருமையோடு என்னிடம் சொன்னாள்.

“கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தரு ஒங்களப் பத்தி விசாரிச்சுக்கிட்டு வந்தாருங்கையா. நாங்க விடுவமா? அப்புடி ஒரு ஆளே இந்தத் தோட்டத்துல இல்லேன்னு அனுப்பிட்டோம்.”

ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டகலைக்குப் போய் இறங்கியபோது, வாசலில் மனைவியின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே பானை கழுவுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

“இத்தன மாசமா எங்க மாப்புள இருந்தீங்க?”

“டிக்கோயாவுலதான், வேற எங்க?”

“அங்க அப்புடி ஒரு ஆளே இல்லேங்கிறாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, லயமே சொல்லுது.”

மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னொரு குடும்பம், இன்னொரு பெண், அவளுக்கு இரண்டு பிள்ளைகள், எல்லாரும் இருந்தார்கள். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். துரை கார் ஓட்டியது, நாய், பூசணிக்காய், பல் கட்டு. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் மேட்டு வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரு வீட்டுச் சாவி?”

“நம்ம வீட்டுச் சாவி.”

“சத்தியமா?”

பெரியவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் மூட்டை கட்டத் தொடங்கினாள். பாய், தலையணை, அம்மி, விளக்கு, எல்லாம் கட்டினாள். எங்கள் பெரிய சோற்றுப் பானையை மட்டும் கட்டவில்லை. அதைக் கழுவி, அண்ணன் வீட்டு அடுப்பங்கரை மூலையில் கவிழ்த்து வைத்தாள்.

“அது எதுக்கு இங்க?” என்றேன்.

“இருக்கட்டும்” என்றாள். “போய்ப் பாத்துட்டு எடுத்துக்கலாம்.”